மேளம் கேட்டால் வந்துவிடு

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஊருக்கு நாலு வரி கார்டு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். கொம்பும் காலும் இடம் மாறிப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் இப்போதெல்லாம் நழுவிவிடுகிறது. குன்னூரில் டீச்சராக இருக்கும் என் நாத்தனார் மகள்தான், "நீங்க எழுதுங்க அத்தை, நான் திருத்திக்கறேன்" என்றாள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு" என்றாள்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தூரத்தில் ஒரு மேளம் கேட்டால், ஒரு பாட்டு கேட்டால், அது என்ன மேளம், எதற்கான பாட்டு என்று வீட்டில் நின்றபடியே சொல்லிவிடுவேன். போன மார்கழி வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அன்னூர்ப் பக்கம் தோட்டங்காட்டு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் மேளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு முடியவில்லை என்பதெல்லாம் வாசல் தெளிக்கும்போதே தெரிந்துபோகும். முதலில் சேதி வரும், பிறகு மேளம் வரும். கல்யாணமாகி மலை ஏறி வந்த பிறகு அது தலைகீழாகிவிட்டது. இங்கே மேளம் மட்டும் வரும். சேதி என்னிடம் வராது.

என் வீட்டுக்காரர் டீ பாக்டரியில் டிரையர் ஓட்டினார். பச்சைக் கொழுந்து கடைசியாக வெந்து கறுப்பாகி வெளியே வருகிற மெஷின் அது. கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் எப்போதும் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். எங்களுக்குக் கொடுத்த வீடு பாக்டரிக்குப் பின்னால் சரிவில் தனியாக நின்றது. மேலே ஆபீஸ்காரர்களின் குவார்ட்டர்ஸ், கீழே கொழுந்து பறிக்கிறவர்களின் லைன் வீடுகள். மேலே இருந்தவர்களுக்கு நான் மெஷின்காரன் பெண்டாட்டி. கீழே இருந்தவர்களுக்கு ஸ்டாஃப் வீட்டு அம்மா. இரண்டு பக்கமும் பார்த்தால் சிரிப்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கும் போய்ப் பேச வாய் வராது. குழந்தையும் தங்கவில்லை.

அவர் தூங்குகிறார் என்று பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கவிழ்ப்பேன். துணியை அடித்துத் துவைக்க மாட்டேன், கசக்கித்தான் பிழிவேன். அப்படி வீட்டுக்குள் சத்தம் இல்லாமல் இருந்து இருந்து, வெளியே இருந்து வரும் சத்தம் எல்லாம் காதுக்குள் வந்து விழ ஆரம்பித்தது. ஆனால் எது என்ன என்று தெரியாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர் மேடும் தெரியாது, கீழ் லைனும் தெரியாது. வெறும் சத்தம் மட்டும் மூட்டத்துக்குள் நடந்து போகும்.

அவர் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வைத்திருந்தார். ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் கொஞ்ச நேரம் பாடும். அப்போது என்னைச் சோதிப்பார்.

"ஏம்புள்ள, இது என்னன்னு சொல்லு பாக்கலாம்."

"பாட்டுங்க."

"அது தெரியுது. கச்சேரியா, சினிமாவா?"

"யாரோ ஒரு ஆம்பளை அழறாப்புல இருக்குதுங்க."

"அது கச்சேரி. சரி, இது?" என்று முள்ளைத் திருப்பினார்.

"இதுலயும் ஒருத்தர் அழறாருங்க."

"இது வடக்கத்திக் கச்சேரி. நல்ல காது உன்ர காது!" என்று சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போவார். அவர் போன பிறகு டிரான்சிஸ்டரைத் தொட எனக்குப் பயம். அணைத்தது அணைத்தபடியே இருக்கும்.

அந்த நாளில்தான் அவள் வந்தாள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, பள்ளம் தாண்டி மேட்டில், படுகர்களின் ஊர் ஒன்று இருந்தது. அவர்கள் பேச்சில் ஊருக்கு ஹட்டி என்று பேர். அங்கே அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருந்தது. பறித்த கொழுந்தை மூட்டை கட்டி எங்கள் பாக்டரிக்குச் சுமந்து வருவார்கள். எடை போடும் வரிசையில் மூட்டையை வைத்துவிட்டு அவள் நேராக என் வீட்டுப் பின்படியில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துணி. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஊமையா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க."

"அப்ப பேசு."

என்ன பேசுவதென்று தெரியாமல் உள்ளே போய் அரிசிம்பருப்புச் சோறு கொஞ்சம் எடுத்துவந்து கொடுத்தேன். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "இது நல்லா இருக்குது. நாளைக்கும் வருவேன்" என்றாள். மறுநாள் மடியில் உருளைக்கிழங்கு கட்டிக்கொண்டு வந்தாள். அவள் தமிழில் 'ங்க' கிடையாது. எல்லாரும் அவளுக்கு நீதான். ஒருநாள் பேச்சுச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். "நீ எதுக்கு எழுந்தே? போ, போய்த் தூங்கு" என்றாள். மனுசர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் சொன்னார்: "எங்கம்மாளுக்கப்புறம் என்னைய நீ போன்னு அதட்டுனது இவ ஒருத்திதான்."

மலைக்கு வந்து அத்தனை நாளில் என் வாசல் தேடி வந்தது அவள் ஒருத்திதான். அவள் வராத நாளில் அந்தப் பின்படியைப் பார்க்கவே பிடிக்காது.

ஒருநாள் சொன்னாள், "என் கொழுந்தனுக்குக் கல்யாணம் வருது. நீ வரணும்."

"எப்பங்க?"

"அது பெரியவங்க பேசி முடிவு பண்ணுவாங்க. உனக்கு எதுக்கு தேதி? மேளம் கேட்டா வந்துடு."

அதற்குப் பிறகு நான் வேறு எதையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அம்மா சீர் கொடுத்த எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்தது, என் பேர் வெட்டியது. அதைச் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்தேன். கீழ் லைனில் தப்பு மேளம் அடித்தால் ஓடிப்போய்ப் பின்கதவில் நிற்பேன். சர்ச்சில் மணி அடித்தால் நிற்பேன். ஒருநாள் பட்டுப் புடவையை எடுத்துப் பாதி கட்டிய பிறகுதான் அது லைனில் மாரியம்மன் திருவிழா சாட்டுகிற தப்பு என்று தெரிந்தது.

பிறகு ஒருநாள் காலை, நல்ல மூட்டம். எதிர் மேட்டிலிருந்தே வந்தது. குழல் ஊதுகிற சத்தம், மேளம், நடுநடுவே ஆம்பளைகள் ஹௌ ஹௌ என்று சேர்ந்து சத்தம் கொடுப்பது. ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணப் பட்டைக் கட்டி, சாமந்திப் பூ வைத்து, தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, குங்குமம், ஒரு ஜாக்கெட் துணி எல்லாம் அடுக்கி, பள்ளம் இறங்கி மேடு ஏறினேன். வழியெல்லாம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போனதாக ஞாபகம்.

ஹட்டியில் ஆம்பளைகள் தலைப்பாகையோடு வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கலர் கலராகத் துணி சுற்றி அடுக்கடுக்காக ஒன்று நின்றது. சின்னத் தேர் என்று நினைத்தேன். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அவர்கள் எப்போதும் வெள்ளைதான், அதில் எனக்கு என்ன தெரியும்? தேருக்குக் கீழே கட்டிலில் ஒரு பெரியவர் புதுத் துணி போட்டுப் படுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, உடம்புக்கு முடியாமல் படுத்தபடியே கல்யாணம் பார்க்கிறார் போல என்றுதான் அப்போதும் நினைத்தேன். கிட்டப் போன பிறகு அவர் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி தெரிந்தது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் அவளும் இருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அங்கே சாவுக்கும் இப்படி ஊதி, அடித்து, ஆடித்தான் அனுப்புவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் மாமனார் போய்விட்டார் என்ற சேதியும் வரவில்லை. ஒரு கிழவி எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். அது அவளுடைய மாமியார், அன்றைக்குத் தாலி இழந்தவள். குங்குமம் வைத்த தட்டை நான் அந்த அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. திரும்பி ஓடினேன். பின்னால் அவள் என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. புடவை தேயிலைச் செடியில் மாட்டிக் கிழிந்ததைக்கூட வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

சில நாள் கழித்து அவள் கொழுந்து கொண்டு வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டேன்.

"ஊட்லே இருக்கியா?" என்றாள்.

மூச்சுவிடாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உன் அடுப்பு புகையுது. ஊட்லேதான் இருக்கே."

படியில் உட்கார்ந்திருந்தாள் போல. எடைக்காரன் கூப்பிட்டதும் எழுந்து போனாள். பிறகும் வந்தாள், தட்டினாள். என்னால் திறக்க முடியவில்லை. பட்டு கட்டிக்கொண்டு சாவுக்குப் போனவள் எந்த முகத்தோடு கதவைத் திறப்பாள்? பிறகு கொழுந்து எடுக்கப் பாக்டரி லாரியே ரோட்டோரம் போக ஆரம்பித்தது. யாரும் சுமந்து வர வேண்டியதில்லை. பின்படி காலியாகிவிட்டது.

"அந்தப் பேர் வெட்டுன தட்டு எங்க புள்ள?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "எங்கியாச்சும் இருக்குமுங்க" என்றேன்.

அதிலிருந்துதான் நான் காதைத் தீட்ட ஆரம்பித்தேன். ஆசையால் இல்லை, பயத்தால். இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது என்ற பயம். என்ன சத்தம் வந்தாலும் பின்கதவில் நின்று இது இன்னது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும், "அக்கட்டால மேட்டுல என்னுங்க சத்தம் நேத்து?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பேன். பாக்டரியில் நாலு ஊர்ச் சேதியும் வரும். அவர் சொல்வதும் நான் நினைத்ததும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பேன். முதலில் எல்லாம் தப்பு தப்பாகத்தான் போனது.

லைன் வீட்டுத் தப்பைத்தான் முதலில் பிடித்தேன். திருவிழா என்றால் நிதானமாக நெருப்பில் காய்ச்சி எடுப்பார்கள். சத்தம் கணீரென்று தெறிக்கும். சாவு என்றால் காய்ச்ச நேரம் இருக்காது. மழை ஈரத்தில் தோல் தொய்ந்து தொப்பு தொப்பென்று விழும். அடிக்கிறவர்கள் அதே ஆட்கள்தான். லைனில் சிலோனிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் குடும்பம் இருந்தார்கள். லைனை அவர்கள் லயம் என்பார்கள். மாசி மாதம் ஒரு ராத்திரி அங்கே ஒரே ஒப்பாரி. யாரோ போய்விட்டார்கள் என்று நான் விளக்கைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் அவர் வந்து, "யாரும் சாவலை புள்ள. சாமிதான் செத்துப்போச்சாம். அப்புறம் பொழைச்சுக்குமாம். அவுங்களுக்கு அது பண்டிகை" என்றார். அழுகையிலும் பண்டிகை அழுகை என்று ஒன்று இருப்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதில் அழுகிறவர்கள் நடுவில் நிறுத்தி ஒருவரையொருவர் திருத்துவார்கள். நிஜமாக அழுகிறவர்களை யாரும் திருத்த மாட்டார்கள்.

சர்ச்சில் பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. கிறிஸ்மஸுக்கும் சரி, அடக்கத்துக்கும் சரி, எல்லாரும் ஒரே இழுவையாகத்தான் இழுப்பார்கள். மணியைக் கேட்க வேண்டும். ஒரு அடி அடித்து, அது முழுக்க அடங்கிய பிறகு அடுத்தது விழுந்தால் யாரோ இல்லை என்று அர்த்தம். ரோட்டு வளைவில் டீக்கடை வைத்திருந்தவர் கூடலூருக்கு அந்தப் பக்கத்துக்காரர், மலையாளம் பேசுவார். அவர் கடையில் கை தட்டிப் பாடுகிற பாட்டு கேட்கும். அதற்கு யாரும் சாகவும் வேண்டாம், கல்யாணம் கட்டவும் வேண்டாம். அவருக்கு ஊர் ஞாபகம் வந்தால் போதும்.

டிரான்சிஸ்டரும் பழகிவிட்டது. கச்சேரியில் ஒரே வரியை மாவாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றி ஆட்டுவார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் நைசாகும். சினிமாப் பாட்டு சோறு கொதிக்கும் முன்னால் முடிந்துவிடும். வடக்கத்திக் கச்சேரி எங்கள் பாக்டரி டிரையர் மாதிரி, சூடு ஏறவே நேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் நிறுத்த முடியாது. ஒருநாள் அவர் முள்ளைத் திருப்பத் திருப்ப நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இத்தனையும் எப்ப புள்ள கத்துக்கிட்ட?" என்றார். நீங்கள் தூங்கும்போது என்று சொல்லவில்லை.

எதிர் மேட்டு ஹட்டிதான் கடைசிவரை பிடிபடவில்லை. அதே குழல், அதே மேளம், அதே ஹௌ ஹௌ. கல்யாணமா, பண்டிகையா, சாவா? வருஷக் கணக்கில் கேட்ட பிறகு ஒன்று புரிந்தது. ஊதுவதைக் கேட்கக் கூடாது, சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்க வேண்டும். சாவு மேளம் ஒரே இடத்தில் நின்று சுற்றும். சாப்பாட்டு நேரத்துக்குக்கூட நிற்காது, ஆள் மாற்றி ஆள் அடிப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் மெல்லக் கீழே, பள்ளத்தைப் பார்த்து இறங்கும். பண்டிகை மேளம் விட்டு விட்டு வரும், கோயிலைப் பார்த்து மேலே ஏறும். மூட்டத்துக்குள் அந்தச் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணை மூடி நிற்பேன்.

இத்தனையும் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு மேளத்துக்கும் நான் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒருத்திக்கு நான் கதவைத் திறக்கவில்லை.

எங்கள் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் எதிர் மேட்டில் மேளம் கேட்டது. நின்ற இடத்திலேயே சுற்றியது. மத்தியானமும் நிற்கவில்லை. சாவுதான், எனக்குச் சந்தேகமில்லை. யாருடையது என்று மட்டும் மேளம் சொல்லாது. அவளாக இருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பழைய நூல் புடவையோடு, கையில் ஒன்றும் இல்லாமல், பள்ளம் இறங்கி ஏறினேன்.

கட்டிலில் இருந்தது அவள் மாமியார், என் தட்டை வாங்கிக்கொண்ட அம்மா. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் பருத்துப்போய். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழுத கண்ணோடு முறைத்தாள்.

"மேளம் கேட்டா வந்துடுன்னு சொன்னேன். இவ்வளவு நேரமா உனக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கு நான் அப்படி வந்தது..." என்று இழுத்தேன்.

"எப்படி வந்தே? பட்டு கட்டி, பூ வெச்சு, பழம் கொண்டு வந்தே. எங்க மாமனார் பேரன் பேத்தி எல்லாம் எடுத்துப் பாத்துட்டுப் போனவன். கீழ் நாட்டுக்காரி ஒருத்தி இவ்வளவு மரியாதையா வழியனுப்ப வந்திருக்கான்னு எங்க மாமியா சாகிற வரைக்கும் சொல்லிட்டு இருந்தா. அந்தப் பழத்தை அவன் தலைமாட்டிலே வெச்சா. நீதான் நிக்காம ஓடிட்டே."

எங்கள் ஊரிலும் வயசாகிப் போனால் கல்யாணச் சாவு என்றுதான் சொல்வோம். அது எனக்கு ஞாபகம் வரவே இல்லை, அத்தனை வருஷமும்.

"என்ர தட்டு?" என்றேன்.

"இருக்குது. நான் கொண்டு வந்து குடுத்திருப்பேன். குடுத்துட்டா நீ எதுக்கு வருவே? இன்னும் என்கிட்டேயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு கொஞ்ச வருஷம் நன்றாக இருந்தது. பின்படியில் இல்லை, உள்ளேயே வந்து உட்காருவாள். என் வீட்டுக்காரர் ரிட்டையராகி ரோட்டோரம் தகரக்கூரை வீடு ஒன்றுக்கு மாறினோம். அங்கேயும் எதிர் மேட்டுச் சத்தம் கேட்கும். அவர் போனபோது எங்கள் வீட்டில் மேளம் எதுவும் வைக்கவில்லை. அவள் அப்போதும் வந்தாள். "சத்தமே இல்லாம போறானே" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளுக்கு முட்டி முடியாமல் போய், மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குப் போனில் பேச வராது. அவளுக்குப் போனில் காது கேட்காது. எங்கே போய் இருந்தாலும் இறந்தால் சொந்த ஹட்டிக்குத்தான் கொண்டு வருவார்கள், அது அவர்கள் வழக்கம். அதனால் நான் காதை மூடவே இல்லை.

போன மார்கழியில் ஒரு காலை, எதிர் மேட்டில் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் ஸ்பீக்கர் வைத்து பேண்ட் வாசிக்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இருந்தாலும் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். மத்தியானம் நிற்கிறதா பார்ப்போம், ஏறுகிறதா இறங்குகிறதா பார்ப்போம் என்று. பள்ளம் இறங்க என் காலும் இப்போது கேட்பதில்லை. சரியாக மத்தியானத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் விழுந்த சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மழை விட்டபோது எதிர் மேட்டில் சத்தமே இல்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். டீக்கடை வரைக்கும் போனேன். கேட்க வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அம்மணி, இதைத் திருத்தி எழுதும்போது விவரங்களையும் கொஞ்சம் விசாரித்துப் பார். தப்பைக் காய்ச்சுவது, மணி அடிப்பது, மேளம் கீழே இறங்குவது எல்லாம் நான் காதால் மட்டும் தெரிந்துகொண்டது. தெரிந்தவர்களிடம் கேட்டு, தப்பு இருந்தால் அடித்துவிடு. அப்படியே ஒருநாள் லீவு போட்டு எதிர் மேட்டுக்குப் போய், மார்கழியில் அடித்தது என்ன மேளம் என்றும் கேள். என் பேர் வெட்டிய தட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் வழி சொல்வார்கள். பண்டிகை மேளம் என்றால் இந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு அப்படியே எழுது. வேறு மேளம் என்றால் எழுத வேண்டாம், நேரில் வந்து சொல்.